பெருந்துயரத்துக்குப் பின் வரும் முதல் கோடை லீவு: வீட்டாரும் தன்னார்வலர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள், தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தால் 8,000-ஐ நெருங்கும். அடுத்த ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் லீவு விட்டபோது நான் நாகைக்குப் பக்கத்தில் ஒரு தற்காலிகக் குடியிருப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனேன், ஜூன் வரை அங்கேதான் இருந்தேன். நான் மனநல மருத்துவர் இல்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கே வெள்ளம் வந்தாலும், பட்டாசு ஆலை வெடித்தாலும், நெரிசலில் ஆட்கள் இறந்தாலும், அந்த ஊரிலிருந்து யாராவது மார்ச், ஏப்ரல் வாக்கில் கூப்பிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சம்பவம் நடந்து மாதக்கணக்காகிவிட்டது. லீவுக்கென்று தனியாக ஏன் யோசிக்க வேண்டும்?

அதுவரை பிள்ளையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது பள்ளிக்கூடம்தான் என்பது லீவு விட்ட மறுநாள்தான் தெரியும். காலையில் எழுப்ப ஒரு காரணம் இருந்தது, மணி அடித்தது, பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு டீச்சர் இருந்தார், பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளை இருந்தது, மதியம் சத்துணவு கிடைத்தது. ஏப்ரல் கடைசியில் இது எல்லாமே ஒரே நாளில் நின்றுபோகிறது. சத்துணவு நிற்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவே இல்லாத வீட்டில் மதியச் சாப்பாடு என்பது சின்ன விஷயம் இல்லை.

நாங்கள் இருந்த இடத்தில் தார் ஷீட் போட்ட ஷெட்டுகள். கத்திரி வெயிலில் பதினோரு மணிக்கு மேல் உள்ளே தலை வைக்க முடியாது, வெளியே மரமும் கிடையாது. அப்புறம் கிழக்குக் கடற்கரைக்கென்று இன்னொன்று இருக்கிறது: மீன்பிடித் தடைக்காலமும் இந்த லீவோடு சேர்ந்தே வருகிறது, இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு ஓடாது, கையில் காசு இருக்காது, அப்பா பகல் முழுக்க வீட்டில், பிள்ளையும் வீட்டில், இரண்டு பேரும் வாய் திறக்காமல் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மற்ற நாடுகளிலும் இந்த லீவு இப்படித்தான் வந்து மோதியிருக்கிறது. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் அடுக்குமாடியில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள், சில வாரங்களிலேயே பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடின. இங்கிலாந்தின் சவுத்போர்ட் ஊரில் 2024 ஜூலை 29 அன்று மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதே லீவில் நடந்த ஒரு நடன வகுப்பில்தான். லீவுக்கால வகுப்பு என்ற சொல்லே பயமாகிப்போன அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முழு விடுமுறையும் எதிரே இருந்தது.

என்ன நிகழ்ச்சி வைக்கலாம்? மேஜிக் ஷோ, டூர் என்று திட்டம் போட்டிருக்கிறோம்.

வையுங்கள், பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் பணத்தையும் ஆட்களையும் அதிலேயே தீர்த்துவிடாதீர்கள். ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, ஆடவைத்து, பிஸ்கட் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். எங்கள் குடியிருப்புக்கு இப்படி எத்தனையோ பேர் வந்தார்கள், ஒவ்வொரு தடவையும் பஸ் போன பிறகு ஏதாவது ஒரு குழந்தை அழுதது. ஏற்கெனவே சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் போய்விட்ட வீட்டுப் பிள்ளைகள் அவர்கள், இன்னும் நாலு பேர் பழகிவிட்டுப் போவது அவர்களுக்கு இன்னொரு தடவை அதே அடிதான்.

ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முகம். இந்த மூன்றும் இருந்தால் என்ன விளையாட்டு விளையாடினாலும் சரி. நாங்கள் கீற்றுப் பந்தல் ஒன்று போட்டோம், அவ்வளவுதான். காலை ஏழு முதல் ஒன்பது வரை ஓடியாடுவது, கபடி, கிட்டிப்புள், பாண்டி. வெயில் ஏறினால் பந்தலுக்குள் களிமண், வரைதல், பல்லாங்குழி, தாயம், கதை. மதியம் சாப்பாடு. தூங்குகிற பிள்ளை அங்கேயே பாயில் தூங்கலாம், ராத்திரி தூக்கம் வராத பிள்ளைகள் எல்லாம் பகலில், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில், அப்படித் தூங்கும். நாலு மணிக்குச் சுண்டல். தினமும் நாலு மணிக்குச் சுண்டல் என்பதை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை, அதை நம்பித்தான் சில பிள்ளைகள் அந்த நாளையே நகர்த்தினார்கள்.

இலங்கையின் மட்டக்களப்பில் போரில் அடிபட்ட பிள்ளைகளுக்காக 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலும் இதே வழிதான். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவந்து, மண், சாயம், கதை, நாடகம் என்று மாதக்கணக்கில் ஒரே ஆட்களோடு விளையாட விட்டார்கள். நடந்ததைச் சொல்லு என்று யாரையும் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

செத்த வீட்டுப் பிள்ளை இப்படிச் சிரித்து ஆடுகிறதே என்று ஊரில் பேசுகிறார்கள்.

பேசட்டும். சின்னப் பிள்ளைகளின் துக்கம் பெரியவர்களுடையது போலத் தொடர்ந்து இருக்காது, மழைத் தண்ணீர் தேங்கின குட்டையில் காலை வைத்து எடுக்கிற மாதிரி உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள். பத்து நிமிஷம் அழுதுவிட்டுப் பதினோராவது நிமிஷம் பம்பரம் விடும் பிள்ளைக்கு வலி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். விளையாடும்போதுதான் அந்த உடம்பு மூச்சு விடுகிறது. இதைப் பிள்ளையிடம் வாய்விட்டே சொல்லுங்கள், "நீ விளையாடுனா அம்மாவுக்குக் கோபம் வராதுடா" என்று. இதைக் கேட்கக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. திருவிழா, பிறந்தநாள், புதுத்துணி எல்லாம் ஒரு வருஷத்துக்குக் கிடையாது என்ற வழக்கம் உள்ள வீடுகளில் பெரியவர்கள் அதைக் கடைப்பிடிக்கட்டும், பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் விலக்குக் கொடுக்க முடியுமா என்று வீட்டில் மூத்தவர்களிடம் பேசிப் பாருங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் பாட்டிமார்கள்தான் முதலில் சரி என்றார்கள்.

நடந்ததையே விளையாட்டாக விளையாடுகிறார்கள். தடுக்கலாமா?

எங்கள் பிள்ளைகள் சுனாமி விளையாட்டு விளையாடினார்கள். ஒருவன் "தண்ணி வருது" என்று கத்துவான், எல்லாரும் மணல்மேட்டைப் பார்த்து ஓடுவார்கள், கடைசியாக வருகிறவன் செத்தவன், மணலில் குப்புறப் படுக்க வேண்டும். முதல் நாள் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது, போய் நிறுத்திவிடலாம் என்று எழுந்தேன். கூட இருந்த ஒரு மூத்த செவிலியர் "விடு, பாரு" என்றார். தினமும் அதே ஆட்டம், அதே ஓட்டம். மூன்றாவது வாரம் ஒரு பெண் மேட்டில் ஏறியபின் திரும்பி நின்று தன் பாவாடை நாடாவை அவிழ்த்துக் கயிறாகத் தொங்கவிட்டாள், கீழே கிடந்தவன் அதைப் பிடித்து எழுந்து வந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஆட்டத்தில் கயிறு வந்தது, அப்புறம் படகு வந்தது, ஆஸ்பத்திரி வந்தது.

விளையாட்டு இப்படி மாறிக்கொண்டே போனால் விட்டுவிடுங்கள். மாறாமல் வாரக்கணக்கில் அப்படியே சுற்றினால், முடியும்போது பிள்ளை முன்னைவிடப் பதற்றமாக இருந்தால், அல்லது மற்ற பிள்ளையை நிஜமாகவே அடித்து அழுத்தினால், மெதுவாக உள்ளே போய் "இப்ப யாராவது காப்பாத்த வராங்களா?" என்று ஒரு கேள்வி போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மருத்துவரிடம் பேச வேண்டும்.

அம்மா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

இறந்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். சொல்லும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "தூங்குறாங்க" என்று சொன்ன வீட்டில் பிள்ளை தூங்கப் பயப்படும், அப்பா கண் மூடினால்கூட உலுக்கி எழுப்பும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நிற்கும், பிறகு உண்மையை வேறு யாராவது தெருவில் வைத்துச் சொல்வார்கள். சாமிகிட்ட போயிட்டாங்க என்பது உங்கள் நம்பிக்கையாக இருந்தால் சொல்லலாம், ஆனால் அதோடு "இனிமே திரும்பி வர மாட்டாங்க, அவங்க உடம்புக்கு இப்ப வலிக்காது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐந்து வயசுக் குழந்தைக்கு இது ஒரு தடவையில் புரியாது. பத்து தடவை கேட்கும், பத்து தடவையும் அதே பதிலைச் சொல்ல வேண்டும்.

"நான்தான் தம்பி கையை விட்டுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

சுனாமியில் இதைச் சொன்ன பிள்ளைகள் ஒருவர் இருவர் இல்லை. அதே 2004-இல் ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள், அந்த மாதிரி விபத்துகளில் தப்பி வந்த அண்ணன், அக்காமார்கள் மனசிலும் இந்தப் பாரம்தான் உட்காரும். "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். முழுக்கச் சொல்ல விடுங்கள். அப்புறம் அந்தத் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, லாஞ்சையே தூக்கி ரோட்டில் போட்டது, உன் கை எவ்வளவு சின்னது என்று அவன் கையைப் பிடித்துக் காட்டிச் சொல்லுங்கள். பெரியவர்கள் யாரும், கோபத்தில்கூட, "நீ கூட இருந்தியே" என்ற வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. ஒரு தடவை சொன்னாலும் அது பல வருஷம் நிற்கும்.

எது சாதாரணம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

படுக்கையில் சிறுநீர் போவது, விரல் சூப்புவது, ஒட்டிக்கொண்டே திரிவது, கெட்ட கனவு, வயிற்றுவலி, திடீர்க் கோபம் இவையெல்லாம் ஆரம்பத்தில் வரும், திட்டாமல் அரவணைத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகக் குறைந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலாகியும் குறையாமல் கூடிக்கொண்டே போனால், சாப்பாடு, தூக்கம் ரொம்பக் கெட்டால், யாரிடமும் பேசாமல் சுருண்டுவிட்டால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சாக வேண்டும், அம்மாகிட்டயே போய்விடுகிறேன் என்று பிள்ளை சொன்னால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே போங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. குழந்தைகள் உதவிக்கு 1098.

கவுன்சலிங் முகாம் ஒன்று நடத்தித் தரச் சொல்கிறார்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் உட்காரவைத்து, நடந்ததை ஒரே மூச்சில் சொல்லவைத்து, அழவைத்துவிட்டுப் போகும் முகாம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் இப்படி ஒருமுறை உட்காரவைத்துக் கிளறுவதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக ஊரிலேயே இருக்கும் அங்கன்வாடி அக்கா, டீச்சர், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் என்று நாலைந்து பேருக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆட்கள் உள்ளூர் ஆட்களுக்கும் டீச்சர்களுக்கும் அப்படித்தான் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி எடுத்தவர் அதே தெருவில் இருப்பார், லீவு முடிந்தாலும் இருப்பார்.

லீவுக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பலாமா? இடம் மாறினால் மறக்குமே.

மறக்காது. ஆனால் போய் வருவது நல்லதாகவும் இருக்கலாம். பிள்ளையிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள், அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் சேர்த்து அனுப்புங்கள், ஒரு வாரம் பத்து நாள் போதும், என்றைக்குத் திரும்பி வருவோம் என்று காலண்டரில் வட்டம் போட்டுக் கையில் கொடுங்கள். தினமும் ராத்திரி அப்பா போன் பண்ண வேண்டும். தூங்கி எழுந்தபோது வேறு ஊரில் இருந்தேன் என்று ஒரு பெண் பதினாறு வயசில் என்னிடம் சொன்னாள், அவளை அப்படி அனுப்பியபோது வயசு ஆறு.

கடல் பக்கமே போக மாட்டேன் என்கிறான். மீனவப் பிள்ளை இப்படி இருந்தால் எப்படி?

தூக்கிக்கொண்டு போய் தண்ணீரில் முக்கிப் பயம் தெளிய வைக்கிறேன் என்று சில தாத்தாக்கள் கிளம்புவார்கள், அதை மட்டும் தடுங்கள். முதலில் கடல் தெரியாத தூரத்தில் சத்தம் மட்டும் கேட்கும் இடம், அப்புறம் மேட்டிலிருந்து பார்ப்பது, அப்புறம் மணல், ஒவ்வொன்றிலும் பிள்ளை போதும் என்றால் திரும்பிவிட வேண்டும். வலை பின்னுவது, துடுப்புக்கு வண்ணம் அடிப்பது என்று கடலோடு சேர்ந்த வேலைகளைக் கரையில் வைத்துச் செய்யலாம். தடைக்காலத்தில் அப்பாக்கள் சும்மா இருக்கிறார்களே, அவர்களைப் பந்தலுக்குக் கூப்பிட்டு வலைமுடிச்சுச் சொல்லித்தரச் சொன்னோம். முதல் நாள் ரெண்டு பேர் வந்தார்கள், வாரக்கடைசியில் பதினைந்து பேர். பிள்ளைக்குச் சொல்லித்தருகிற சாக்கில் அவர்களும் பேச ஆரம்பித்தார்கள். ஓர் அப்பா தன் மகனுக்கு முடிச்சுப் போடக் காட்டிக்கொண்டே, மகனைப் பார்க்காமல், "உங்கம்மாதான் என்னைவிட வேகமாப் பின்னுவா" என்றார். வீட்டில் அஞ்சு மாசமாக அந்தப் பேச்சே எடுக்கவில்லை என்று பையன் அப்புறம் சொன்னான்.

பெரிய பிள்ளைகள் விளையாட வரமாட்டேன் என்கிறார்கள்.

பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைக்காதீர்கள், பொறுப்புக் கொடுங்கள். சுண்டல் கணக்கு, விளையாட்டு நடத்துவது, சின்னதுகளுக்குப் பாடம். லீவில் இந்த வயசுக்கு வருகிற ஆபத்துகள் வேறு. பையனை வேலைக்கு அனுப்புவார்கள், கையில் முதல் சம்பளம் வந்தபின் ஜூனில் புத்தகப்பை எடுப்பது கஷ்டம். தாய் இல்லாத பெண்ணுக்கு "யார் பார்த்துக்குவா" என்று மே மாதத்திலேயே கல்யாணம் பேசுவார்கள். 18 வயசுக்குக் கீழே என்றால் 1098-க்குச் சொல்லலாம், அதற்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேசிப் பாருங்கள், நாங்கள் பேசியபோது அவர்கள் வார்த்தைக்கு மரியாதை இருந்தது.

வீட்டுப் பெரியவர்களே உடைந்துபோயிருக்கிறார்களே?

ஆமாம், அவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் உதவ முடியாது. பிள்ளைகள் பந்தலில் இருக்கும் அந்த நாலைந்து மணி நேரம்தான் ஒரு விதவை அம்மா தாலுகா ஆபீஸுக்குப் போகிற நேரம், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற நேரம், இரண்டுமே தேவை. பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த தாய்மார்களை மறந்துவிடாதீர்கள். கருத்தடை செய்திருந்தவர்கள் மறுபடி குழந்தை பெறுவதற்கான அறுவைக்குச் சுனாமிக்குப் பிறகு அரசு உதவி கொடுத்தது, சிலருக்குக் குழந்தை பிறந்தது, போன பிள்ளையின் பெயரையே வைத்தார்கள். எங்கள் பந்தலுக்கு அப்படி ஒருவர் தினமும் வந்து பெண் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவார். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

எல்லாச் சாவுக்கும் ஊர் இரக்கப்படுமா?

படாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதிரிச் சாவில் அப்பாவை இழந்த பிள்ளைக்குத் துக்கத்தோடு வெட்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். பந்தலில் எந்தப் பிள்ளையும் எப்படிச் செத்தார் என்று இன்னொரு பிள்ளையைக் கேட்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், கூட வேலை செய்கிற பெரியவர்களுக்கும் சேர்த்து.

பண உதவிக்கு எங்கே போவது?

சுனாமியின்போது இரண்டு பெற்றோரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி போட்டது. இப்போது மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய், தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் என்று தகுதியுள்ள பிள்ளைகளுக்குக் கிடைக்கும். இறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இவற்றை லீவிலேயே தயார் பண்ணுங்கள். தத்து எடுக்கிறேன், வளர்க்கிறேன் என்று யாராவது நேராக வீட்டுக்கு வந்தால் பிள்ளையைக் கொடுத்துவிடாதீர்கள், சட்டப்படி குழந்தைகள் நலக் குழு வழியாகத்தான் எதுவும் நடக்க வேண்டும்.

நாங்கள் பொருள் கொடுக்கலாமா, போட்டோ எடுக்கலாமா?

பழைய துணி வேண்டாம். சுனாமி சமயம் நாகைச் சாலையோரங்களில் மலை மலையாகக் கிடந்தது, யாரும் தொடவில்லை. அரிசி, பருப்பு, கடலை, செருப்பு, சோப்பு, மாதவிடாய் அணையாடை, கொசுவலை கொடுங்கள், என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் முகத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி குற்றம்.

ஜூன் வந்துவிட்டது. எப்படி முடிப்பது?

கடைசி நாள் எது என்று ரெண்டு வாரம் முன்பே சொல்லுங்கள், தினமும் சொல்லுங்கள். யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்பதையும். எல்லாப் பிள்ளையும் பள்ளிக்குத் திரும்பினதா என்று முதல் நாள் வாசலில் நின்று பெயர்ப் பட்டியலை வைத்துப் பாருங்கள், வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போங்கள். நினைவு நாள் வரும், எங்களுக்கு அது டிசம்பர், அதற்கு முந்தின வாரம் பழையதெல்லாம் திரும்பும் என்று டீச்சரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

எங்களிடம் 41 பிள்ளைகள். ஏழு வயசுப் பெண் ஒருத்தி தினமும் நாலு மணிக்கு ரெண்டு பொட்டலம் சுண்டல் வாங்குவாள், ஒன்று அவளுக்கு, ஒன்று தம்பிக்கு. தம்பி டிசம்பரிலேயே இல்லை. எதுவும் கேட்காமல் கொடுத்தோம். ஒன்றைத் தின்பாள், இன்னொன்றைப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள், அங்கே அதை என்ன செய்தாள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. கடைசி நாள் வரை 42 பேருக்குத்தான் கடலை ஊறப்போட்டோம்.